கேஸ் போட்டா சரியாயிடும்!

ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர் மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து ஃப்ளாட்காரர், ஆபீஸ் நண்பர், துணி இஸ்திரி போடுபவர்... யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான். ''கேஸ் கம்மியாயிருக்கும் சார். கேஸ் போட்டா சரியாயிடும்.''

நானும் நம்பினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மொத்தம் 3,600 ரூபாய்க்கு நம்பினேன்.

2023 மே மாதம். கத்திரி வெயில். என் அப்பாவுக்கு அப்போது வயது 78. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 'பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிஞ்சவன் பட்டினி கிடக்க மாட்டான்' என்று சொல்லி என்னை பி.காம். சேர்த்துவிட்டவர். நான் பத்திரிகைக்கு வந்து அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

அவருக்கு இரண்டு கிட்னியும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வீடு குரோம்பேட்டை. மருத்துவமனை தி.நகர் பக்கம். என் பழைய கார்தான் ஆம்புலன்ஸ், நான்தான் டிரைவர்.

டயாலிசிஸில் இருப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதுவும் தெரிந்திருக்கும். ஊசி, ரத்தம் இதெல்லாம்கூடப் பழகிவிடுகிறது. பழகாதது தாகம். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. அதில் காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். வியர்த்தால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் குடிக்க முடியாது. அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் கார் ஏ.சி. என்பது சொகுசு இல்லை சார், மருந்து.

அந்த மருந்துதான் தினமும் கத்திப்பாராவில் தீர்ந்துபோனது.

பிரச்னை விசித்திரமாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏ.சி. ஜில்லென்று வேலை செய்யும். பல்லாவரம் வரை ஊட்டி. மீனம்பாக்கம் தாண்டினால் ஏற்காடு. கத்திப்பாரா பாலம் ஏறும்போது வேலூர். சுமார் இருபது நிமிடம்தான் ஆயுள். பிறகு வெறும் காற்று, அதுவும் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது மாதிரி. அப்பா கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். உதட்டை மட்டும் நாக்கால் ஈரப்படுத்திக்கொள்வார். அதை ரியர் வியூ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

முதல் மெக்கானிக் பானெட்டைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டார், ''கேஸ் கம்மி.'' 1,800 ரூபாய். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கத்திப்பாரா.

இரண்டாம் மெக்கானிக், ''அவன் கேஸ் சரியா போடலை சார்'' என்றார். மறுபடி 1,800. மறுபடி கத்திப்பாரா.

மூன்றாவது இடம் கொஞ்சம் பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ரிசப்ஷன், காபி மெஷின் எல்லாம் உண்டு. டை கட்டிய பையன் எஸ்டிமேட்டை நீட்டினார். ''கம்ப்ரஸர் வீக். மாத்திடலாம் சார்.'' 26,000 ரூபாய்.

''கம்ப்ரஸர் வீக்னா முதல் இருபது நிமிஷம் மட்டும் எப்படி நல்லா வேலை செய்யுது?'' என்று கேட்டேன்.

''ஸ்டார்ட்டிங்ல அப்படித்தான் சார் இருக்கும்'' என்றார். அந்த வயதில் எனக்கும் இதே தைரியம் இருந்தது.

எங்கள் ஆபீஸ் போட்டோகிராபர்தான் புதுப்பேட்டையில் ஒருவரைச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். ''காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள பார்த்துடலாம்'' என்றார் போனில். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினேன். அப்பா, ''நானும் வரேன்'' என்றார். ''வெயில்ல எதுக்குப்பா?'' ''ஏற்கெனவே மூணாயிரத்து அறுநூறு போயிருக்கு. யாராவது கணக்குப் பார்க்க வேணாமா?''

பாய் பானெட் பக்கமே போகவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். எப்போதும் குளிரவில்லையா, வந்து வந்து போகிறதா? எத்தனை நிமிடம் கழித்து? அப்போது காற்றின் வேகம் குறைகிறதா, இல்லை காற்று வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லையா? வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால்?

''பத்து நிமிஷம் அணைச்சு வெச்சா மறுபடி நல்லா குளிருது'' என்றேன்.

''அப்ப ஒண்ணு சொல்லுங்க சார். லீக் ஆகி வெளியே போன கேஸ் பத்து நிமிஷத்துல திரும்பி வீட்டுக்கு வருமா?''

இந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை? உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

இங்கே கொஞ்சம் பிசிக்ஸ். பயப்படாதீர்கள். பத்தாம் வகுப்போடு பிசிக்ஸுக்குக் கும்பிடு போட்ட காமர்ஸ் மாணவன்தான் சொல்கிறேன்.

ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. அது செலவு இல்லை, முதல். உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கம்ப்ரஸர் அதை அழுத்தும். அழுத்தத்தில் சூடான கேஸ், காரின் முன்பக்கத்தில் இருக்கும் கன்டென்சரில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் ஒரு நுண்ணிய துவாரம் வழியாகப் பீய்ச்சி, அழுத்தம் குறைந்த இடத்துக்குள் விழும்போது சட்டென்று கொதித்து ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டுமே? அதைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். நாம் 'ஆஹா' என்போம்.

கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பார்த்திருப்பீர்கள். பெரிய அடுப்பு மும்முரமாக எரியும்போது சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்து, சில சமயம் வெள்ளையாக உறைந்துகூட இருக்கும். அதே விஷயம்தான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருப்பதைக் குளிர வைக்கும்.

அந்த நுண்ணிய துவாரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எக்ஸ்பேன்ஷன் வால்வு. கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டு. அவர் சும்மா ஓட்டையாக இருப்பதில்லை. கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரும் கேஸ் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், 'இன்னும் கொஞ்சம் திரவம் வேணும்' என்று கதவைத் திறப்பார். ரொம்பக் குளிர்ந்திருந்தால் மூடுவார். பேங்க் கேஷியர் மாதிரி. தேவை பார்த்துப் பட்டுவாடா.

கேஷியர் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டால், ஆவியாகாத திரவமே கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைத்துவிடும். மூடியபடி சிக்கிக்கொண்டால் கூலிங் காயில் பட்டினி. இரண்டு விதத்திலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: குளிரவில்லை. அதனால்தான் இருக்கை நுனியில் உட்கார்ந்து, 'குளிரலை' என்று மட்டும் சொல்கிறவனுக்குப் பதில் எப்போதும் கேஸாக இருக்கிறது. (வீட்டு ஏ.சி.க்களில் பலவற்றில் இந்த வால்வுக்குப் பதில் மெல்லிய செப்புக் குழாய் இருக்கும். பல இன்வர்ட்டர் ஏ.சி.க்களில் எலெக்ட்ரானிக் வால்வு. வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றே.)

பாய் இரண்டு மீட்டர்கள் கொண்ட கேஜை மாட்டினார். நீலம், சிவப்பு. நீலம் கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்தின் அழுத்தம். சிவப்பு, கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

''வரவு ஒண்ணு, பத்து ஒண்ணா?''

''அப்படியே வெச்சுக்கங்க ஐயா. ஒண்ணை மட்டும் பார்த்துட்டுச் சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க.''

இன்ஜின் ஓடியது. நீலம் 32, சிவப்பு 230-க்குப் பக்கம். வெயில் நாளில் இது நல்ல கணக்குதானாம். டேஷ்போர்டு துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகினார். ஏழு டிகிரி. நாளிதழிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து அங்கே ஒட்டினார். அது படபடவென்று ஆடியது.

பிறகு செய்ததுதான் முக்கியம். காத்திருந்தார். முந்தைய மூன்று பேரும் செய்யாதது அதுதான். பீடி பற்றவைக்கவில்லை, போன் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு முள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவது நிமிடம் நீல முள் இறங்கத் தொடங்கியது. 20. 10. பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே போய், வெற்றிடம் என்று காட்டும் பகுதியில் படுத்துக்கொண்டது. தெர்மாமீட்டர் ஏறியது. 15, 20, 26. ஆனால் நாளிதழ்க் கீற்று அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

''பார்த்தீங்களா, காத்து குறையலை. கூலிங் காயில் மேல ஐஸ் கட்டியிருந்தா காத்தே வராது. கேஸே கம்மின்னா முதல்லேருந்தே ரெண்டு முள்ளும் கீழ இருக்கும். இது நல்லா இருந்து திடீர்னு நீலம் மட்டும் தரையைத் தொடுது. பின்னாடி சரக்கு இருக்கு. முன்னாடி வரலை. நடுவுல யாரோ வழியை மறிக்கிறான்.''

சூடான துணியை வால்வின் தலையில் மட்டும் வைத்தார். ஆரோக்கியமான வால்வு என்றால் சூடு பட்டதும் திறந்து, நீல முள் ஏற வேண்டும். ஏறவில்லை. பிறகு டீக்கடையிலிருந்து வாங்கி வந்த வெந்நீரைத் துணி சுற்றிய வால்வின் உடம்பில் மெதுவாக ஊற்றினார். அரை நிமிடம். உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நீல முள் துள்ளி எழுந்து 35-க்குப் போனது. கையை துவாரத்தில் வைத்தேன். ஜில்.

''உள்ள தண்ணி இருக்கு சார்'' என்றார் பாய். ''வால்வு வாசல்ல சில்லுனு ஆனதும் அது ஐஸா உறைஞ்சு ஊசியைப் பிடிச்சுக்குது. வண்டியை அணைச்சா உருகிடுது. வண்டியை இதுக்கு முன்னாடி எங்கயாவது இடிச்சீங்களா?''

ஜோசியர் மாதிரி கேட்டார். மார்ச் மாதம் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்புறத்தில் லேசாக மோதியிருந்தேன். கன்டென்சர் கிழிந்து, அதை மாற்றிக்கொடுத்தார்கள். அதற்கு முன்பு ஏ.சி.க்கு ஒரு குறையும் இல்லை.

''குழாயைத் திறந்து போட்டிருப்பாங்க. மெட்ராஸ் காத்துல தண்ணி எவ்வளவு இருக்கும்? இந்த எண்ணெயும் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டிரையரை மாத்தணும், ஒரு மணி நேரமாவது வாக்யூம் இழுக்கணும். இவங்க டீ குடிக்கிற நேரத்துக்கு இழுத்துட்டு கேஸை ஏத்திட்டாங்க. அப்புறம் கேஸ் போட்டவங்களும் திறந்து திறந்து...''

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டு, பூசணம் பிடித்ததும் மேலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிற கதை. ஈரக் கரண்டிக்கு அம்மாவிடம் வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது.

ஏ.சி. பிறந்ததே ஈரத்தால்தான் என்பது ஒரு வேடிக்கை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக, வண்ணப் படங்களில் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயர் அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த ஓர் இயந்திரம் வடிவமைத்தார். மனிதனுக்காக இல்லை, காகிதத்துக்காக. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. வெளியே இருக்கிற ஈரத்தை வடிக்கப் பிறந்த இயந்திரம், தன் வயிற்றுக்குள் கடுகளவு தண்ணீர் போனால் படுத்துவிடுகிறது.

அப்பா அதுவரை பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

''அப்ப முதல்ல குறை இல்லை. புழக்கத்துலதான் குறை.''

பாய் நிமிர்ந்து பார்த்தார். ''அதேதான் ஐயா.''

2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். பேங்க்கில் நம் பணம் இருந்தது. ஏ.டி.எம். வாசலில் நாம் நின்றோம். அப்போது யாராவது வந்து, 'உன் கணக்கில் இன்னும் பணம் போட்டா சரியாயிடும்' என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பி.காம். படித்த நான் காருக்கு அதைத்தான் செய்திருக்கிறேன். இரண்டு தடவை, ரசீதுகூட வாங்காமல்.

வேலை நடந்தது. பழைய கேஸை ஒரு சிலிண்டரில் இழுத்துக்கொண்டார். ''காத்துல விடக் கூடாது சார்'' என்றார். சரிதான். நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஈரமும் கேஸும் எண்ணெயும் சேர்ந்தால் அமிலம் உண்டாகுமாம். ஊசி முனை சொரசொரப்பாகிப் பழுப்பேறியிருந்தது. ''காய வெச்சா வேலை செய்யும். ஆனா என்னிக்காவது மாட்டிக்கும். இவரை வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்க, புதுசு போட்டுக்குங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா கம்ப்ரஸர் நெஜமாவே போயிருக்கும். கேஸ் கூடத்தான் எண்ணெயும் சுத்துது. கேஸ் வரலைன்னா எண்ணெயும் வராது.''

புது வால்வு, புது டிரையர். பிறகு வாக்யூம் பம்ப் ஓட ஆரம்பித்தது. வெற்றிடத்தில் தண்ணீர் கொதிக்க அடுப்பு வேண்டாம், புதுப்பேட்டைச் சூடே போதும். ஆவியாகி வெளியே போய்விடும். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் நானும் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வழக்கம்போல முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அந்த முழங்கால் வலிக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் மாத்திரை வாங்கிக்கொடுத்தது நான்தான். டாக்டர் எழுதியது பத்து நாளைக்கு. அதன் பிறகு மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி, 'இதே ரெண்டு ஸ்ட்ரிப் குடுங்க' என்று மாதாமாதம் வாங்கினேன். வலி என்றால் மாத்திரை. இடையில் ஒரு தடவைகூட ரத்தப் பரிசோதனை செய்யத் தோன்றவில்லை. கிட்னி டாக்டர் முதல் நாளே கேட்டார், ''இத்தனை வருஷம் யாரைக் கேட்டு இதைக் குடுத்தீங்க?'' பல வருட பி.பி.தான் முக்கியக் காரணம், ஆனால் அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கும் என்றார்.

குளிரலையா, கேஸ் போடு. வலிக்குதா, மாத்திரை போடு. என்னைத் தவிர யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது அந்த பெஞ்சில் உறைத்தது.

''என்னடா யோசனை?'' என்றார் அப்பா.

''அந்த மாத்திரை... நான் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கணும்பா.''

கொஞ்ச நேரம் பம்ப்பின் சத்தம் மட்டும் கேட்டது. ''நானும்தான் கேட்டு வாங்கிப் போட்டேன்'' என்றார். ''வலி நின்னுது. கணக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சோம் ரெண்டு பேரும்.''

பம்ப்பை நிறுத்தியதும் பாய் இன்னும் அரை மணி நேரம் முள்ளைப் பார்த்தார். அது அசைந்தால் எங்கோ கசிவு. அசையவில்லை. கம்பெனி சொன்ன எடைக்குத் தராசில் நிறுத்து கேஸ் ஏற்றினார். கண்ணளவில் இல்லை, கிராம் கணக்கில். மொத்தம் 6,400 ரூபாய். வால்வு, டிரையருக்குத் தனியாக பில்.

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது பானெட்டைத் திறக்காமலே 'கேஸ் கம்மி' என்றால், மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, கேஸ் தானாகத் தீராது, அப்படியானால் எங்கே கசிகிறது? இரண்டு, இரண்டு மீட்டரும் என்ன காட்டுகிறது, கோளாறு வருகிற நேரத்தில் என்ன காட்டுகிறது? மூன்று, குழாயைத் திறந்தால் டிரையர் மாற்றுவீர்களா, எவ்வளவு நேரம் வாக்யூம்? கொஞ்சம் முறைப்பார்கள். பரவாயில்லை. அதற்கு முன்னால் நீங்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். எப்போது குளிரவில்லை, எத்தனை நிமிடத்தில், காற்று குறைகிறதா, அணைத்துப் போட்டால் திரும்புகிறதா என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஏ.சி.க்கு மட்டும் இல்லை.

மறுநாள் டயாலிசிஸ். பல்லாவரம் ஊட்டி. மீனம்பாக்கம் ஊட்டி. கத்திப்பாரா பாலம் ஏறும்போது எனக்கு மூச்சே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ''கொஞ்சம் குறைடா, குளிருது'' என்றார். அந்த வருடம் நான் கேட்டதிலேயே நல்ல வாக்கியம் அது.

அந்த மாதக் கடைசியில் அவர் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பாய்க்குக் கொடுத்த 6,400 ரூபாயை 'வாகனப் பராமரிப்பு' என்று எழுதியிருந்தார். முதல் இரண்டு கேஸ் செலவு, 1,800-ம் 1,800-ம் அந்தப் பக்கத்தில் அடிக்கப்பட்டிருந்தன. வேறு தலைப்புக்கு மாற்றியிருக்கிறார். தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது.

'மகன் படிப்புச் செலவு - ரூ. 3,600.'